பெயருக்கு முன்னால் ஒரு பெயர்

பட்டர்வொர்த், பாகான் டாலாமில் மோட்டார் பழுதுபார்க்கும் ஒரு பெங்கேல். பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்து, எழுத்துகள் பாதி உதிர்ந்து கிடந்தது. உள்ளே ஒரு ஹோண்டா இஎக்ஸ்5-இன் பக்கத் தகட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பதினெட்டு வயதிருக்கும் பையன் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தான். தகட்டின்மேல் சோப்புத் தண்ணீரைத் தெளித்து, ஸ்டிக்கரைப் பரப்பி, காலாவதியான டச் அண்ட் கோ அட்டையை வைத்துக் காற்றுக் குமிழிகளை ஓரத்துக்குத் தள்ளினான். நீலம், வெள்ளை, இரண்டுக்கும் நடுவே சிவப்பும் தங்கமுமாய்க் கோடுகள். குமிழியெல்லாம் போனதும் எழுத்து தெளிவாகத் தெரிந்தது: ரோத்மன்ஸ்.

"இது என்ன கம்பெனி தெரியுமா, தம்பி?"

"ஹோண்டா டீம் அங்கிள். பழைய டீமு."

சிகரெட் கம்பெனி என்று சொன்னேன். அவன் நம்பவில்லை. கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். ஸ்டிக்கரை உரிக்கவில்லை.

ரோத்மன்ஸ் நிறத்தில் ஹோண்டாவின் பந்தய மோட்டார்கள் 1980களின் நடுவிலிருந்து 1990களின் தொடக்கம் வரை உலகத் தடங்களில் ஓடின. அந்தப் பையன் பிறப்பதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஒப்பந்தம் முடிந்துவிட்டது. பணம் கொடுத்தவன் போய்விட்டான், பணம் வாங்கியவனும் வேறு நிறத்துக்கு மாறிவிட்டான். ஆனால் பட்டர்வொர்த்தில் ஒரு பையன் தன் கைக்காசில் அந்தப் பெயரை வாங்கித் தன் மோட்டாரில் ஒட்டுகிறான். விளம்பரத்தில் இதைவிடப் பெரிய வெற்றி ஒன்று இருக்க முடியுமா என்று தெரியவில்லை. இது எப்படி நடக்கிறது என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

பந்தயத்தில் விளம்பரம் இரண்டு வகை. காரின் மூக்கிலோ தடத்தின் ஓரத்திலோ இடம் வாங்கிப் பெயர் எழுதுவது ஒரு வகை. அதற்கு இடத்தைப் பொறுத்து விலை. இன்னொன்று, பந்தயத்தின் பெயரையே, அணியின் பெயரையே வாங்குவது. டைட்டில் ஸ்பான்சர் என்று நாம் சொல்லும் இந்த ஆள் வாங்குவது பலகையை மட்டுமா? நுழைவுச் சீட்டிலும், நேரப் பட்டியலிலும், பரிசு மேடையின் பின்திரையிலும், அறிவிப்பாளரின் வாயிலும் தன் பெயர் முதலில் வரவேண்டும் என்பதுதான் ஒப்பந்தத்தின் உயிர். ஃபார்முலா 1-இல் தடத்தோரப் பலகைகளும் பந்தயப் பெயர்களும் நெடுங்காலம் ஜெனீவாவில் இருந்த ஆல்ஸ்போர்ட் மேனேஜ்மென்ட் என்ற நிறுவனத்தின் வழியாகவே விற்கப்பட்டன. பலகையை கேமரா பார்த்தால்தான் பலன். பெயரை மனிதர் உச்சரித்தாலே போதும். அதனால்தான் பத்திரிகை ஆசிரியர்களுக்கும் ஸ்பான்சர்களுக்கும் ஓயாத இழுபறி. இவர்கள் பணம் கொடுத்துப் பெயரை முன்னால் வைப்பார்கள், அவர்கள் இடம் போதவில்லை என்று வெட்டுவார்கள்.

நமக்கு இது புதிதா என்றால், இல்லை. கோயில் டியூப் லைட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உபயதாரரின் பெயர், அவர் அப்பா பெயர், ஊர் எல்லாம் சிவப்பு மையில் எழுதி, வெளிச்சம் வரக் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். கேலி செய்கிறோம், ஆனாலும் அந்த வழக்கத்துக்குள் ஒரு பழைய சட்டம் இருக்கிறது. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு ஒரு நந்தா விளக்கு எரிய 90 அல்லது 96 ஆடுகள் கொடுத்த செய்தி திரும்பத் திரும்ப வரும். அந்த ஆடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். சாகாமலும் மூப்படையாமலும் எண்ணிக்கை நிலைக்க வேண்டும், நெய் தவறாமல் வர வேண்டும், சூரிய சந்திரர் உள்ளவரை. கொடுத்தவன் பெயர் கல்லில் நிற்கிறது, நிற்பதற்குப் பதிலாக விளக்கும் எரிந்தாக வேண்டும். மோட்டார் பந்தயத்தின் உபயம் மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு. ஒப்பந்தம் முடிந்த மறுநாள் பெயின்டைச் சுரண்டிவிடுவார்கள். விளக்கு எரிந்ததா என்று யாரும் கேட்பதில்லை. இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

1968 வரை ஃபார்முலா 1 கார்கள் நாட்டின் நிறத்தில் ஓடின. ஆங்கிலேயருக்குப் பச்சை, இத்தாலியருக்குச் சிவப்பு, பிரெஞ்சுக்காரருக்கு நீலம். அந்த ஆண்டு எண்ணெய், டயர் நிறுவனங்களின் பணம் குறைந்துபோக, விளம்பரத்துக்கான கட்டுப்பாடு தளர்ந்தது. கொலின் சாப்மனின் லோட்டஸ் அணி 'கோல்ட் லீஃப் டீம் லோட்டஸ்' ஆனது. பச்சை போய், சிகரெட் பெட்டியின் சிவப்பும் வெள்ளையும் தங்கமும் வந்தன. மே மாதம் ஸ்பெயினின் ஹராமா தடத்தில் கிரகாம் ஹில் அந்தக் காரில் ஜெயித்தார். நான்கு ஆண்டு கழித்து அதே லோட்டஸ், ஜான் பிளேயர் ஸ்பெஷலின் கறுப்பும் தங்கமுமாக மாறியது. பிறகு மக்லேரனுக்கும் ஃபெராரிக்கும் மார்ல்போரோ, ராலியில் சுபாருவுக்கு 555. சுபாருவின் நீலமும் மஞ்சளும் இன்றும் அந்தக் கம்பெனியின் சொந்த நிறம் என்றே பலர் நம்புகிறார்கள். அது ஸ்டேட் எக்ஸ்பிரஸ் 555 சிகரெட்டிலிருந்து வந்தது. பெங்கேல் பையனின் 'ஹோண்டா டீம்' தனிக்கதை அல்ல.

சிகரெட்காரர்கள் மோட்டார் பந்தயத்தில் இவ்வளவு பணம் கொட்டியதற்குக் காரணம் வேகத்தின்மேல் வந்த ஆசை அல்ல. ஒவ்வொரு நாடாகத் தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரத்தைத் தடை செய்துகொண்டே வந்தது. விளம்பரம் போட முடியாத திரையில் பந்தயத்தைப் போடலாம். பந்தயத்தில் ஓடும் கார் விளம்பரம் ஆகாது, செய்தி.

இந்த இடத்தில் கதை பினாங்குக்கு வருகிறது. மலேசிய அரசு 1980களில் தன் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் சிகரெட் விளம்பரத்தை நிறுத்தியது. 1990களில் நேரடி விளம்பரம் எல்லா இடத்திலும் தடையானது. ஆனால் சட்டத்தில் ஒரு ஓட்டை. சிகரெட்டைக் காட்டக்கூடாதே தவிர, சிகரெட்டின் பெயரை வேறு பொருளில் ஒட்டிக் காட்டலாம். உடனே நாடு முழுக்கச் சிகரெட்டின் பெயர் கொண்ட பயணச் சேவை, உணவகம், இசை நிகழ்ச்சி, உடை எல்லாம் முளைத்தன. காற்பந்துக்கு டன்ஹில் பெயர், மோட்டார் பந்தயத்துக்கு மார்ல்போரோ. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் அப்போதே இதைத் தோண்ட ஆரம்பித்திருந்தது. 1969-இல் தொடங்கிய அந்தச் சங்கத்தை எஸ். எம். முகமது இத்ரிஸ் 2019-இல் மறையும் வரை வழிநடத்தினார். அரிசியில் கலப்படம், பிள்ளைகளின் உணவில் சாயம், சிகரெட், சீனி என்று அவர்கள் கை வைக்காத பொருள் குறைவு. சங்கத்தில் பணிபுரிந்த மேரி அசுந்தா பிறகு ஆய்வாளர் சைமன் சாப்மனுடன் சேர்ந்து எழுதிய ஆய்வு 2004-இல் 'டொபாக்கோ கன்ட்ரோல்' இதழில் வந்தது. அமெரிக்க வழக்குகளால் வெளியே வந்த சிகரெட் கம்பெனிகளின் உள் ஆவணங்களைப் படித்து, மலேசியாவில் மறைமுக விளம்பரம் எப்படிப் படிப்படியாகச் செதுக்கப்பட்டது என்று அதில் காட்டினார்கள். கம்பெனிகளே தங்களுக்குள் எழுதிக்கொண்ட கடிதங்கள் அவை. வெளியிலிருந்து வந்த யாரோ சந்தேகப்பட்டுச் சொன்ன கதை என்று தள்ள முடியாது.

பெயரைத் தடை செய்தால் நிறம் பேசும். ஜோர்டான் அணியின் மஞ்சள் காரில் பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் என்று எழுத முடியாத நாடுகளில் 1997-இல் 'பிட்டன் அண்ட் ஹிஸஸ்' என்று பாம்பைப் போட்டார்கள். அடுத்த ஆண்டு 'பஸ்ஸின் ஹார்னெட்ஸ்' என்று குளவி. எழுத்துகளின் அளவும் வளைவும் அப்படியே. படிப்பவன் மனம் மீதியை நிரப்பிக்கொள்ளும். ஃபெராரி 2007-இல் மார்ல்போரோ எழுத்தை எடுத்துவிட்டு, கோடுகோடாக ஒரு பட்டைக் குறியீட்டை வரைந்தது. சிவப்புப் பின்னணியில் வேகமாகப் போகும்போது அது எதைப் போலத் தெரிகிறது என்று ஐரோப்பிய மருத்துவர்கள் சத்தம் போட, 2010 மே மாதம் அதையும் அழித்தார்கள். அணியின் பெயரிலோ 'ஸ்குடேரியா ஃபெராரி மார்ல்போரோ' 2011 வரை இருந்தது.

இதில் பெரிய கூத்து 1999-இல் நடந்தது. பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ டைரல் அணியையே வாங்கிச் சொந்த அணி தொடங்கியது. ஒரு காரை லக்கி ஸ்ட்ரைக் நிறத்திலும் மற்றதை 555 நிறத்திலும் ஓட்டத் திட்டம். ஐரோப்பாவுக்கு ஒன்று, ஆசியாவுக்கு ஒன்று. ஓர் அணிக்கு ஒரே நிறம்தான் என்று விதி மறித்தது. விட்டார்களா? ஒரே காரை நடுவில் பிளந்து, இடப்பக்கம் ஒரு பிராண்ட், வலப்பக்கம் ஒரு பிராண்ட், நடுவில் ஜிப் இழுத்தது போல ஓவியம். அந்தக் கார் அந்த ஆண்டு ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ஆனால் அதன் படத்தை இன்றும் யாரும் மறக்கவில்லை. ஓட்டத்துக்கும் பெயருக்கும் சம்பந்தமே வேண்டாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி எதற்கு?

அதே 1999 மார்ச்சில் செபாங் தடம் திறக்கப்பட்டது. ஹெர்மன் டில்கே வரைந்த 5.543 கிலோமீட்டர் தடம், செம்பருத்தியை நினைத்துச் செய்த கூரை. அக்டோபர் 17-இல் முதல் மலேசிய கிராண்ட் பிரி. ஃபெராரியின் எடி இர்வைன் முதலில் வந்தார், காற்றுத் தடுப்புப் பலகையின் அளவு தவறு என்று நீக்கப்பட்டார், பாரிஸில் மேல்முறையீட்டில் வெற்றி திரும்பக் கிடைத்தது. அந்தப் பந்தயத்தின் முழுப்பெயர் 'பெட்ரோனாஸ் மலேசிய கிராண்ட் பிரி'. நாட்டின் பெயருக்கு முன்னால் நாட்டின் எண்ணெய் நிறுவனம். 2017 அக்டோபர் 1-இல் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் ஜெயித்த கடைசிப் பந்தயம் வரை 19 பந்தயங்களிலும் பெட்ரோனாஸ் அந்த இடத்தை விடவில்லை.

பெட்ரோனாஸைத் தனியாக நின்று பார்க்க வேண்டும். 1974-இல் பிறந்த அரசு நிறுவனம். 1990களில் சாபர் அணியோடு சேர்ந்தது. 1997-இலிருந்து 2005 வரை சாபர் காரின் எஞ்சினுக்குப் பெயரே 'பெட்ரோனாஸ்'. எஞ்சின் யாருடையது? ஃபெராரியுடையது. மரனெல்லோவில் செய்த எஞ்சினை வாங்கி, முதல் ஆண்டு 'பெட்ரோனாஸ் எஸ்பிஇ-01' என்று முத்திரை குத்தினார்கள். முடிவுப் பட்டியலில் 'சாபர்-பெட்ரோனாஸ்' என்று அச்சாகும். மலேசியா ஃபார்முலா 1 எஞ்சின் செய்கிறது என்று நம்பியவர்கள் உண்டு, நானும் சிறிது காலம் அப்படி நம்பியவன். இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் விதிப்படி எல்லாம் திறந்த புத்தகம். எஞ்சினுக்குப் பெயர் சூட்டும் உரிமையும் விலைக்கு வரும் என்று நமக்குத்தான் தெரியாது.

2010-இல் மெர்சிடிஸ் அணி வந்தபோது பெட்ரோனாஸ் அதன் பெயரில் சேர்ந்தது. வெள்ளிக் காரில் அந்த மரகதக் கோடு. 2014 முதல் 2021 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் அந்த அணி தயாரிப்பாளர் பட்டம் வென்றது. இடையில் 2017-இல் மலேசியா பந்தயத்தைக் கைவிட்டது. நடத்தும் கட்டணம் ஏறிக்கொண்டே போனது, இருக்கைகள் காலியாகிக்கொண்டே வந்தன, 2008 முதல் பக்கத்திலேயே சிங்கப்பூர் இரவுப் பந்தயம் விளக்குப் போட்டுக் கூட்டத்தை இழுத்தது. பந்தயம் போனது. அணியின் பெயரில் இருந்த பெட்ரோனாஸ் போகவில்லை. ஏன் என்று அப்போது காப்பிக்கடைகளில் கோபமாகக் கேட்டார்கள். நம் நாட்டில் ஓடாத பந்தயத்துக்கு நம் எண்ணெய்க் காசு எதற்கு?

விடை இத்தாலியில் இருக்கிறது. 2008 வாக்கில் பெட்ரோனாஸ், செலேனியா என்ற இத்தாலிய மசகெண்ணெய் நிறுவனத்தை வாங்கியது. அதன்பின் அதன் எஞ்சின் எண்ணெய்க்கு வாடிக்கையாளர்கள் ஐரோப்பாவிலும் தென்னமெரிக்காவிலும் இருக்கிறார்கள். பட்டர்வொர்த்தில் பெட்ரோல் போடுபவருக்குப் பெட்ரோனாஸ் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. சாவோ பாவ்லோவில் வண்டி ஓட்டுபவருக்கு அந்தப் பெயரை ஒருவர் சொல்லித்தர வேண்டும். செபாங் பந்தயம் உள்ளூர்ப் பெருமைக்குச் செய்த செலவு, மெர்சிடிஸ் வெளியூர் வியாபாரத்துக்குச் செய்யும் செலவு. முதலாவதை வெட்டிவிட்டு இரண்டாவதை வைத்துக்கொண்டது கணக்காளர் கண்ணில் சரி. ஆனால் கணக்கில் எழுத முடியாத ஒன்று அந்த ஞாயிறுகளோடு போய்விட்டது. வடக்கிலிருந்து இரவு பஸ் பிடித்து செபாங் போய், மழையில் நனைந்து, காதடைத்துத் திரும்பி வந்தவர்களுக்கு அது தெரியும்.

சிங்கப்பூர் பந்தயத்தின் பெயரில் முதலில் சிங்டெல், 2014-இலிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். இந்தியாவில் 2011 முதல் 2013 வரை ஏர்டெல். மலேசியாவையும் சேர்த்து மூன்று இடத்திலும் பந்தயத்தின் பெயரில் நின்றது ஏற்கெனவே அந்த நாட்டில் எல்லோரும் அறிந்த ஒரு பெயர்தான். அறிமுகத்துக்காக அங்கே பணம் போடவில்லை, மரியாதைக்காகப் போட்டார்கள். 2002-இல் மினார்டி அணியின் பெயர் 'கேஎல் மினார்டி ஆசியாடெக்'. அலெக்ஸ் யூங் என்ற மலேசியர் அதில் ஓட்டினார். கோலாலம்பூர் நகரமே டைட்டில் ஸ்பான்சராகி, கடைசி வரிசையில் ஓடியது.

பெயருக்காக நீதிமன்றம் போன கதையும் நம்முடையதுதான். 2010-இல் மலேசியத் தொழிலதிபர் டோனி பெர்னாண்டஸ் லோட்டஸ் என்ற பெயரை உரிமம் வாங்கி அணி தொடங்கினார். லோட்டஸ் கார் நிறுவனமோ அப்போது புரோட்டோனின் சொத்து. அடுத்த ஆண்டு அந்த நிறுவனமே ரெனோ அணியில் பணம் போட்டு 'லோட்டஸ் ரெனோ ஜிபி' என்று வந்தது. பெர்னாண்டஸ் 'டீம் லோட்டஸ்' என்று நின்றார். 2011 முழுவதும் இரண்டு லோட்டஸ், இரண்டின் பின்னாலும் மலேசியப் பணம். இன்னும் கேளுங்கள்: பெர்னாண்டஸின் கார் ரெனோ எஞ்சினில் ஓடியது, அதனால் முடிவுப் பட்டியலில் அதன் பெயர் 'லோட்டஸ்-ரெனோ'. 'லோட்டஸ் ரெனோ ஜிபி'யின் கார் பட்டியலில் வெறும் 'ரெனோ'. அந்தக் காரின் நிறம் கறுப்பும் தங்கமும், பழைய ஜான் பிளேயர் சிகரெட் நிறம். சிகரெட் போய் எத்தனையோ வருடம் கழித்து, ஒரு கார் கம்பெனி தன் பாரம்பரியம் என்று அந்த நிறத்தைப் பூசிக்கொள்கிறது. ஜூலையில் நூர்பர்க்ரிங்கில் சென்னைக்காரர் கருண் சந்தோக் டீம் லோட்டஸ் காரில் ஒரே ஒரு பந்தயம் ஓட்டினார். 2012-இல் பெர்னாண்டஸ் கேட்டர்ஹாம் என்று பெயரை மாற்றிக்கொண்டார். பெயர்ச் சண்டைக்குச் செலவழித்த ஆற்றலில் பாதியைக் காருக்குக் கொடுத்திருந்தால் ஒரு புள்ளியாவது வந்திருக்கும் என்று எனக்கு அப்போதும் தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது.

தமிழ் ஓட்டுநர்களுக்கு ஸ்பான்சர் என்பது இருக்கைக்கான வாடகை. கோயம்புத்தூரில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டான் அணியில் ஏறியபோது அவர் உடையில் டாடா இருந்தது. அந்த மார்ச்சில் செபாங்கில் 11-ஆவதாக முடித்தார். கீழ்மட்டத்து அணிக்கு ஓட்டுநரின் திறமையும் வேண்டும், அவர் கொண்டுவரும் பணமும் வேண்டும். எது எவ்வளவு என்று வெளியே சொல்ல மாட்டார்கள். இதற்கு நேர் எதிர்த்துருவம் நடிகர் அஜித்குமார். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்த அணிக்குப் பெயர் 'அஜித்குமார் ரேசிங்'. அங்கே டைட்டிலை யாருக்கும் விற்க வேண்டியதில்லை, ஓட்டுநரின் பெயரே கூட்டத்தைக் கூட்டும். பந்தயமே பார்த்திராதவர்கள் அந்தப் பெயருக்காக விடியவிடிய நேரலை பார்த்தார்கள்.

நம் பக்கத்து உபயம் வேறு உயரத்தில் நடக்கிறது. கப்சாய் மோட்டார்களுக்கான கப் பிரி தொடர் ஊர் ஊராகப் போகும். செபராங் பிறையில் பத்து காவான் அரங்க வளாகத்திலும் தற்காலிகத் தடம் போட்டு ஓட்டியிருக்கிறார்கள். நெடுங்காலம் அதன் பெயரில் பெட்ரோனாஸ் முன்னால் நின்றது. செபாங்கில் இருக்கை விலை கேட்டே திரும்பி வந்தவர்கள் இங்கே வேலியோரம் நின்று பார்க்கலாம். ஓடுகிற மோட்டாரும், பார்க்கிறவன் ஏறி வந்த மோட்டாரும் ஏறத்தாழ ஒரே குடும்பம். திங்கட்கிழமை பெங்கேலுக்குப் போய், அந்த எண்ணெய் இருக்கிறதா என்று கேட்பான். மெர்சிடிஸ் காரில் ஒட்டிய பெயர் இந்த ஒரு பாட்டில் எண்ணெய்க்கு வந்து சேர எத்தனை கடல் தாண்ட வேண்டும்? கப் பிரியில் ஒரு வேலிதான். மலேசியரான கரம்ஜித் சிங் 2002-இல் உற்பத்திக் கார்களுக்கான உலக ராலிப் பட்டத்தை வென்ற முதல் ஆசியர். அவர் அணியின் பெயர் 'பெர்ட்', பெட்ரோனாஸ் ஈயோன் ரேசிங் டீம் என்பதன் சுருக்கம். இரண்டு ஸ்பான்சர்கள் சேர்ந்தால் ஒரு முழுப்பெயர். கார் புரோட்டோன். அவர் புகழுக்குத் தக்க ஸ்டிக்கர் எந்தப் பெங்கேலிலும் நான் பார்த்ததில்லை.

ஏன் ரோத்மன்ஸ் இருக்கிறது, கரம்ஜித் இல்லை? என் ஊகம் எளியது. ரோத்மன்ஸும் 555-உம் ஒரு நிறத்தை எடுத்துப் பல ஆண்டு, பல வண்டியில், ஒரே மாதிரி பூசின. போர்ஷே, ஹோண்டா, வில்லியம்ஸ் என்று வண்டி மாறினாலும் கோடு மாறவில்லை. பெயர் மறந்தாலும் கண் மறக்காது. பெட்ரோனாஸ் அதை மெர்சிடிஸில்தான் கற்றுக்கொண்டது. அதற்கு முன் சாபரில் அதன் பச்சை மற்றவர் நிறங்களோடு கலந்தே கிடந்தது. இன்று மரகத நிறத்தில் தொப்பி போட்டவனைப் பார்த்தால் எழுத்தைப் படிக்க வேண்டியதில்லை. மோட்டார்சைக்கிள் பக்கம் இன்னொரு வேடிக்கை. செபாங் மோட்டோஜிபி பந்தயத்தின் பெயரில் 2019 வரை ஷெல் நின்றது. நோய்த்தொற்று இடைவெளிக்குப்பின் 2022-இல் பெட்ரோனாஸ் வந்தது. பந்தயத்தின் பெயர் போட்டியாளன் கைக்குப் போனதை அரங்கில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. கல்வெட்டாக இருந்தால் பழைய பெயர் கீழேயாவது தெரியும்.

மலேசியாவில் 2024 அக்டோபர் 1-இல் புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம், 852-ஆம் சட்டம், நடப்புக்கு வந்தது. விளம்பரமும் ஸ்பான்சரும் அதன்கீழ்த் தடை, கடையில் சிகரெட்டைக் கண்ணில் படும்படி அடுக்குவதும் தடை. அந்தப் பெங்கேலுக்கு அடுத்த மளிகைக்கடையிலும் கல்லாவுக்குப் பின்னால் இருந்த அலமாரியை மூடிவிட்டார்கள். கேட்டால்தான் திறப்பார் கடைக்காரர்.

போன வாரம் மறுபடி அந்தப் பக்கம் போனேன். பையன் தகட்டைத் திரும்ப மாட்டி, வண்டியைக் கடை வாசலில் நிறுத்தியிருந்தான், மூடிய அலமாரிக்கு நேர் எதிரே. ரோத்மன்ஸ் நீலம் வெயிலில் நன்றாக மின்னியது. ஒரு மூலையில் மட்டும் ஒரு குமிழி மீதமிருந்தது. பார்த்ததும் அட்டையை எடுத்துக்கொண்டு குனிந்தான்.